முக்கால் டாலர் கணக்கும் ஒரு குயில் முட்டையும்



திறனாய்வு என்றதும் நம் கை நாவல், சிறுகதை, கவிதை என்றுதான் நீளும். இந்த முறை கொஞ்சம் கணினிப் பக்கம் போய்வருவோம். எடுத்துக்கொண்டிருப்பது கிளிஃபர்ட் ஸ்டோல் எழுதி 1989-இல் வெளிவந்த 'தி குக்கூஸ் எக்' என்னும் நூல். தமிழில் 'குயில் முட்டை' என்று சொல்லலாம். எல்லாம் உண்மையில் நடந்தது. ஆனால் துப்பறியும் கதைபோல ஓடும். ஆங்கிலம் எளிமையானது. படிவம் ஐந்து முடித்த மாணவர் அகராதி துணையோடு படித்துவிடலாம்.

இந்த நூலைப் படித்தவர்களைக் கேட்டால், "உளவாளியைப் பிடிச்ச கதை" என்பார்கள். அது சரிதான். ஆனால் நூலின் உயிர் அங்கே இல்லை என்பது என் கருத்து. வழக்கத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருந்த ஒருவர், வழக்கத்துக்கு மாறான ஒரு சின்ன விஷயத்தை அலட்சியம் செய்யாமல் பின்தொடர்ந்தார். நூல் முழுக்க நமக்குக் கற்பிப்பது அதைத்தான். இன்று கணினிகளில் தீநிரலை, அதாவது நாம் பேச்சுவழக்கில் 'வைரஸ்' என்று மொத்தமாகச் சொல்வதை, அதன் நடத்தையை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த முறையின் அடிப்படையைப் புரியவைக்க இதைவிட நல்ல கதை கிடைப்பது கடினம். அதே நேரம், கேட்க வேண்டிய ஒரு முக்கியமான கேள்வியை இந்த நூல் கேட்காமல் விட்டிருக்கிறது. அது நம் வகுப்பறைக்கும் உரிய கேள்வி. இரண்டையும் பார்ப்போம்.

கதை இதுதான்

ஸ்டோல் ஒரு வானியலாளர். மானியப் பணம் தீர்ந்ததும், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் அவரைக் கணினிப் பிரிவுக்கு மாற்றிவிடுகிறது. ஆண்டு 1986, மாதம் ஆகஸ்ட். அந்தக் காலத்தில் கணினி நேரத்துக்குக் கட்டணம் உண்டு. யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார்கள் என்று கணக்கிட்டு, அவரவர் துறையிடம் பணம் வாங்குவார்கள். அதற்கு இரண்டு நிரல்கள் தனித்தனியாகக் கணக்கு எழுதிவந்தன. இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். அந்த மாதம் ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் 75 காசு.

"அட, முக்கால் டாலர்தானே, விடுங்க" என்று நாம் சொல்லியிருப்போம். ஸ்டோல் விடவில்லை. தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களை வெட்டுவதால் ஓரிரு காசு விடுபடலாம். 75 காசு எப்படி விடுபடும்? நிரலை வரி வரியாகப் பார்க்கிறார். கணக்குப் பிழை இல்லை. 'ஹண்டர்' என்ற பெயரில் யாரோ ஒருவர் கணினியைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் பணம் கேட்டு அனுப்ப அவருக்கு முகவரி எதுவும் இல்லை. அந்தப் பெயரை யார் சேர்த்தார்கள் என்று எவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நாளில் வேறோர் இடத்திலிருந்து புகார் வருகிறது: உங்கள் கூடத்திலிருந்து யாரோ எங்கள் கணினிக்குள் நுழையப் பார்க்கிறார்கள் என்று.

அங்கிருந்து ஏறக்குறைய ஓராண்டு ஓட்டம். தடம் டைம்நெட் என்ற வலையமைப்பு வழியாகவும் வர்ஜீனியா மாநிலம் வழியாகவும் போய், கடைசியில் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் நிற்கிறது. ஆள் மார்க்கஸ் ஹெஸ். அவரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்க ராணுவக் கணினிகளில் எடுத்ததைச் சோவியத் உளவு நிறுவனமான கேஜிபிக்கு விற்றிருக்கிறார்கள். 1990-இல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. (இந்தத் தீர்ப்பு நூல் வெளிவந்த பிறகு நடந்தது.)

நூலின் பலம் எங்கே?

என்னைக் கேட்டால் நூலின் முதல் மூன்றில் ஒரு பங்குதான் சிறந்த பகுதி. அங்கே துப்பாக்கியும் இல்லை, துரத்தலும் இல்லை. சின்னச் சின்ன உறுத்தல்கள் மட்டும்தான். மூன்றை எடுத்துச் சொல்கிறேன்.

முதல் உறுத்தல், ஆள் இல்லாத இடத்தில் ஆள் நடமாட்டம். ஊடுருவி ஒரு கட்டத்தில் 'ஸ்வென்டெக்' என்ற பயனரின் பெயரில் உள்ளே வருகிறார். கடவுச்சொல் சரியாக இருக்கிறது. கணினியைப் பொறுத்தவரை எல்லாம் சரி. ஆனால் அந்தக் கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு உண்மையான ஸ்வென்டெக்கைத் தெரியும். அவர் இங்கிலாந்துக்குப் போய் நெடுநாளாகிவிட்டது. அடையாளம் சரியாக இருந்தது, நடத்தை சரியாக இல்லை. கணினிக்குத் தெரியாத ஒன்று மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது உறுத்தல், ஓர் எழுத்து. கணினியில் அந்த நேரத்தில் என்னென்ன நிரல்கள் ஓடுகின்றன என்று பட்டியல் காட்ட யூனிக்ஸில் 'பிஎஸ்' என்றொரு கட்டளை உண்டு. ஊடுருவி உள்ளே வந்ததும் முதலில் அதைத்தான் தட்டுவார். தன்னை யாராவது கவனிக்கிறார்களா என்று பார்க்க. அப்போது கட்டளையோடு 'எஃப்' என்ற எழுத்தையும் சேர்த்துத் தட்டுகிறார். பெர்க்லியில் புழங்கிய யூனிக்ஸுக்கு அந்த எழுத்து தேவையே இல்லை. அமெரிக்காவின் இன்னொரு பெரிய நிறுவனமான ஏடி அண்ட் டி வெளியிட்ட யூனிக்ஸில் பழகியவர்தான் அப்படித் தட்டுவார். ஸ்டோலோடு வேலை செய்த ஒருவர் இதைக் கவனித்துச் சொல்கிறார்: இந்த ஆள் நம் ஊர்க்காரர் இல்லை. ஒருவர் பேசும் தமிழைக் கேட்டு ஈப்போவா ஜொகூரா என்று நாம் யூகிப்பதில்லையா? அதேதான். எழுதும் பழக்கம் ஆளைக் காட்டிக்கொடுத்தது.

மூன்றாவது உறுத்தல்தான் தலைப்புக்கே காரணம். அந்த யூனிக்ஸில் 'ஏடிரன்' என்றொரு சிறு நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும். அதற்குக் கணினியின் முழு அதிகாரமும் உண்டு. 'ஈமேக்ஸ்' என்ற மென்பொருளில் அஞ்சலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் பகுதியில் ஓர் ஓட்டை இருந்தது. ஊடுருவி அந்த ஓட்டை வழியாகத் தன் சொந்த நிரலை ஏடிரன் இருக்கும் இடத்தில் வைத்துவிடுகிறார். ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும். கணினியே அதைத் தன் பிள்ளை என்று நம்பி, முழு அதிகாரத்தோடு ஓடவிடும். வேலை முடிந்ததும் பழைய ஏடிரன் மறுபடி தன் இடத்துக்கு வந்துவிடும்.

இதைத்தான் ஸ்டோல் குயில் முட்டை என்கிறார். சிக்கலான நுட்பத்தை ஒரு பறவையை வைத்து ஒரே பக்கத்தில் புரியவைத்துவிடுகிறார். அறிவியல் எழுத நினைக்கும் மாணவர்கள் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

இன்னொரு நுட்பத்தையும் இங்கே கவனியுங்கள். ஊடுருவியைக் கண்காணிக்க ஸ்டோல் கணினிக்குள் எந்த நிரலையும் வைக்கவில்லை. வைத்திருந்தால், பிஎஸ் தட்டியதும் பட்டியலில் தெரிந்துவிடும். அதனால் ஒரு வார இறுதியில் அலுவலகம் முழுக்கச் சுற்றி, அச்சு இயந்திரங்களையும் முனையங்களையும் இரவல் வாங்கி, வெளியிலிருந்து வரும் 50 தொலைபேசி இணைப்புகளிலும் மாட்டிவிட்டு, அங்கேயே படுத்துத் தூங்குகிறார். திருடனும் காவலனும் ஒருவரையொருவர் நடத்தையை வைத்தே தேடுகிறார்கள். கதையின் விறுவிறுப்பு இதில்தான் இருக்கிறது.

தலைப்பைப் பற்றி ஒரு சொல்

தமிழ் வாசகருக்கு இந்தத் தலைப்பு கொஞ்சம் இடிக்கும். நமக்குக் குயில் என்றால் இனிமை, இசை. பாடகரைக் குயில் என்று பாராட்டுவோம். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் அதைக் குயிலின் குற்றமாக நாம் அதிகம் பேசுவதில்லை. காக்கையின் ஏமாளித்தனமாகவோ, வளர்ப்புத் தாயின் பாசமாகவோதான் பேசுவோம். ஐரோப்பியக் குயிலின் குஞ்சு பொரிந்ததும் கூட்டில் இருக்கும் மற்ற முட்டைகளை வெளியே தள்ளிவிடும். ஆங்கில வாசகர் மனத்தில் வருவது அந்தப் பறவை. நம் குடியிருப்புகளில் விடிவதற்குள் கூவி எழுப்பும் ஆசியக் குயிலின் குஞ்சு பொதுவாக அப்படிச் செய்வதில்லை.

ஆகவே வகுப்பில் இந்த நூலைப் பேசும்போது 'குயில் முட்டை' என்ற உவமையை அப்படியே ஒப்புவிக்காதீர்கள். உவமையில் எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று மாணவர்களையே சொல்லவிடுங்கள். பொருந்துவது இது: கூட்டின் சொந்தக்காரரே அந்நியரின் முட்டையை அடைகாக்கிறார். பொருந்தாதது: குயில் தன் இனம் வாழ இயல்பாகச் செய்வதை, ஊடுருவி திட்டமிட்டுச் செய்கிறார்.

பட்டியலும் நடத்தையும்

1986-இல் ஸ்டோல் கண்ணால் செய்ததை இன்று மென்பொருள்கள் செய்கின்றன. எப்படி என்று சுருக்கமாகச் சொன்னால்தான் நூலின் மதிப்பு புரியும்.

பழைய வகை வைரஸ் தடுப்பு மென்பொருள், பட்டியல் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் காவலர் மாதிரி. தெரிந்த தீநிரல்களின் 'விரல்ரேகை' அதனிடம் இருக்கும். வரும் கோப்பு பட்டியலில் இருந்தால் தடுக்கும், இல்லையென்றால் உள்ளே விடும். தீநிரலை எழுதியவர் அதைச் சற்றே மாற்றி எழுதினால் விரல்ரேகை மாறிவிடும். காவலர் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவார்.

நடத்தையைப் பார்க்கும் முறை வேறு. "நீ யார்?" என்று கேட்பதோடு நிற்காமல், "நீ என்ன செய்கிறாய்? இது உன் வேலையா?" என்றும் அது கேட்கிறது. சில எடுத்துக்காட்டுகள்:

வேர்ட் என்பது எழுதவும் படிக்கவும் உள்ள நிரல். மின்னஞ்சலில் வந்த ஓர் ஆவணத்தை வேர்டில் திறந்ததும், அது பவர்ஷெல் என்ற கட்டளை நிரலைத் தொடங்கிவைத்தால்? வேர்டும் நல்ல நிரல், பவர்ஷெல்லும் நல்ல நிரல். இரண்டும் மைக்ரோசாஃப்ட் தந்தவை. எந்தப் பட்டியலிலும் குற்றவாளிகள் இல்லை. ஆனால் முதலாவது ஏன் இரண்டாவதைக் கூப்பிடுகிறது? உறவுதான் உறுத்துகிறது.

விண்டோஸில் 'எஸ்விசிஹோஸ்ட்' என்ற பெயரில் ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஓடும். அது இயல்பு. அவை ஓட வேண்டிய இடம் விண்டோஸின் சொந்தக் கோப்புறை. அதே பெயரில் ஒன்று, நாம் பதிவிறக்கம் செய்யும் கோப்புறையிலிருந்து ஓடினால்? பெயர் சரி, இடம் தப்பு. காக்கைக் கூட்டில் இருக்க வேண்டியது மாமரத்தடியில் கிடக்கிறது.

ஒரு நிரல் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான கோப்புகளைத் திறந்து, யாரும் படிக்க முடியாதபடி மாற்றி எழுதினால்? 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய 'வானாகிரை' போன்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரல்களின் நடத்தை அது.

இப்போது ஹெஸ் செய்ததை நினைத்துப் பாருங்கள். அவர் பெரும்பாலும் கணினியில் ஏற்கெனவே இருந்த கருவிகளைத்தான் பயன்படுத்தினார்: உண்மையான பயனரின் பெயர், பிஎஸ் கட்டளை, அஞ்சல் நகர்த்தும் நிரல், ஏடிரன். பட்டியல் வைத்திருந்த காவலர் அவரைப் பிடித்திருக்கவே முடியாது. முக்கால் டாலர்தான் பிடித்தது.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் ஃபிராயுண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், தொலைவிலிருந்து தன் லினக்ஸ் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்தார். 0.3 வினாடி ஆக வேண்டியது 0.8 வினாடி ஆனது. தோண்டிப் பார்த்ததில், கோப்புகளைச் சுருக்க உதவும் 'எக்ஸ்இசட்' என்ற மென்பொருளுக்குள் யாரோ ரகசியக் கதவு ஒன்றை வைத்திருந்தது தெரியவந்தது. வைத்தவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாக நல்ல பங்களிப்பாளராக நடித்து நம்பிக்கையைப் பெற்றிருந்தார். அது உலகின் எண்ணற்ற கணினிகளுக்குப் பரவுவதற்குள் பிடிபட்டது. அன்று முக்கால் டாலர், இன்று அரை வினாடி. ஸ்டோலின் நூல் இன்னும் பழசாகவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நூல் எங்கே தடுமாறுகிறது?

பாராட்டு மட்டும் திறனாய்வு ஆகாது. குறைகளையும் பார்ப்போம்.

நடுப்பகுதி இழுக்கிறது. எஃப்பிஐ, சிஐஏ, என்எஸ்ஏ என்று ஒவ்வோர் அலுவலகமாகத் தொலைபேசியில் கூப்பிடுவதும், "இது எங்க வேலை இல்லை" என்ற பதிலைக் கேட்பதும் திரும்பத் திரும்ப வருகிறது. 75 காசு இழப்புக்கு எஃப்பிஐ ஏன் ஆள் அனுப்பும் என்பது முதல் தடவை படிக்கும்போது சிரிப்பாக இருக்கும். ஐந்தாம் தடவை கொட்டாவி வரும். உண்மையில் நடந்தது அப்படித்தான் என்று ஸ்டோல் சொல்லலாம். ஆனால் நடந்ததை எல்லாம் எழுதுவது பதிவேடு. தேர்ந்தெடுத்து எழுதுவதுதான் நூல்.

இன்னொரு குறை, எதிராளி மனிதராகவே தெரிவதில்லை. ஹெஸ் ஏன் இதைச் செய்தார்? ஹனோவரில் அந்த இளைஞர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? முடிவில் கொஞ்சம் வருகிறது, அவசரமாக. ஸ்டோலின் வீடு, தோழி, சமையல் எல்லாம் விரிவாக வருகின்றன. சாக்லேட் பிஸ்கட் செய்முறைகூட அடிக்குறிப்பில் இருக்கிறது! அந்தப் பகுதிகளைச் சிலர் வீண் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் ஆளின் அன்றாடம் தெரிந்தால்தான் அந்த அன்றாடம் எப்படிக் குலைகிறது என்பது தெரியும். ஆனால் அதே நியாயத்தைக் கடலுக்கு அப்பால் இருப்பவருக்கும் கொடுத்திருக்கலாம்.

அந்த வார இறுதியில் 50 இணைப்புகளிலும் அச்சு இயந்திரம் மாட்டினாரே, அப்போது ஊடுருவியின் எழுத்து மட்டுமா காகிதத்தில் ஏறியது? உள்ளே வந்த எல்லாப் பயனர்களின் எழுத்தும் ஏறியிருக்கும். பிறர் கடிதத்தைப் படிப்பது சரியா என்று ஸ்டோல் யோசிப்பவர்தான். ஆனாலும் அந்த இடத்தை நூல் வேகமாகக் கடந்துவிடுகிறது. ஊடுருவியைப் பிடிக்கும் ஆசையில் வாசகரும் அதைக் கேட்க மறந்துவிடுகிறார்.

கேட்காமல் விட்ட கேள்வி

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. முதலில் சொன்னேனே, அது இதுதான்.

ஸ்டோல் கதையை முடிவிலிருந்து திரும்பிப் பார்த்து எழுதுகிறார். முக்கால் டாலர் ஓர் உளவாளியிடம் கொண்டுபோய் விட்டது என்று அவருக்கு எழுதும்போதே தெரியும். ஆனால் உலகத்தில் எத்தனை முக்கால் டாலர்கள் வெறும் கணக்குப் பிழையாகவே முடிந்திருக்கும்? எத்தனை அரை வினாடிகள் வெறும் வலைத் தாமதமாக இருந்திருக்கும்? ஜெயித்த உறுத்தலுக்கு நூல் கிடைத்தது. ஒன்றும் இல்லாமல் போன உறுத்தல்களைப் பற்றி யார் நூல் எழுதுவார்? இந்த நூலை மட்டும் படித்துவிட்டு எழுந்திருக்கும் இளைஞருக்கு, 'வழக்கத்துக்கு மாறாக இருந்தால் அது குற்றம்தான்' என்ற எண்ணம் வந்துவிடும். அது ஆபத்து.

கணினி ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலை நேராகவே சந்தித்தார்கள். 1996-இல் ஸ்டெஃபனி ஃபாரஸ்டும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நிரல் கோப்பைத் திறக்க, படிக்க, எழுத, மூட என்று ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்திடம் அனுமதி கேட்க வேண்டும். அந்தக் கேள்விகள் எந்த வரிசையில் வருகின்றன என்று சிறு சிறு துண்டுகளாகப் பதிவுசெய்தார்கள். நல்ல நிலையில் ஓடும்போது வரும் துண்டுகள்தான் அந்த நிரலின் 'இயல்பு'. பிறகு புதிதாக வரும் துண்டுகளை அதோடு ஒப்பிட்டார்கள். நம் உடலின் நோய் எதிர்ப்பாற்றல் 'இது நான், இது நான் அல்ல' என்று பிரித்தறிவதைப் போல, கணினிக்கும் பிரித்தறியக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார்கள். ஸ்டோலின் கண்ணும் மூளையும் செய்ததை அளந்து செய்யும் முயற்சி அது.

அளந்தபோதுதான் இரண்டு பக்கத் தவறும் தெளிவாகத் தெரிந்தது. நல்ல நிரலும் சில நாள் புதிதாக ஒன்றைச் செய்யும். அப்போது வீண் எச்சரிக்கை வரும். கோப்புகளைக் காப்பு நகல் எடுக்கும் மென்பொருள்கூட நூற்றுக்கணக்கான கோப்புகளைத் திறக்கத்தான் செய்யும். மறுபக்கம், 2002-இல் டேவிட் வாக்னர், பாவ்லோ சோட்டோ இருவரும், அதே பெர்க்லி நகரில் உள்ள பல்கலைக்கழகத்திலிருந்து, தாக்குபவர் இயல்பான வரிசையைப் போலவே நடித்து உள்ளே நுழைய முடியும் என்று காட்டினார்கள். ஆக, நல்லது கெட்டதாகத் தோன்றலாம்; கெட்டது நல்லதாக நடிக்கலாம். இயல்பிலிருந்து விலகல் என்பது ஒரு கேள்வி மட்டும்தான். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஸ்டோலும் நடைமுறையில் இதை மதித்தவர்தான். உறுத்தியதும் யார்மீதும் பழிபோடவில்லை. என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதினார். பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர் யாராவது விளையாடுகிறார்களோ என்ற முதல் ஊகத்தைச் சான்று மறுத்ததும் கைவிட்டார். ஃபிராயுண்டும் அரை வினாடியைக் கண்டதும் ஊரைக் கூட்டவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் எழுதினார். ஸ்டோலின் நூல் இந்தப் பொறுமையைக் காட்டுகிறது. ஆனால் அது ஏன் தேவை என்று சொல்லவில்லை. நான் குறை என்று சொல்வது அதைத்தான்.

நம் வகுப்பறைக்கு வந்தால்

ஆசிரியர்களே, இதை ஏன் தமிழாசிரியர் இதழில் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

"டீச்சர், லாப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்று மாணவர் சொல்வது உங்களுக்குப் பழக்கமான வாக்கியம். தடுப்பு மென்பொருள் பச்சை விளக்கு காட்டினால் அதோடு விட்டுவிடுகிறோம். விடாதீர்கள். கணினி நன்றாக இருக்கும் நாளிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, என்னென்ன ஓடுகின்றன என்று ஒருமுறை பார்த்துக் குறித்துவையுங்கள். நல்ல நாளின் குறிப்பு இருந்தால்தான் கெட்ட நாளில் ஒப்பிட முடியும். வித்தியாசம் தெரிந்தால், தெரிந்தவரிடம் கேளுங்கள். நீங்களாகவே எதையும் அழிக்கப் போக வேண்டாம். பெயர் புரியவில்லை என்பதற்காக ஒரு நிரல் கெட்டதாகிவிடாது.

இரண்டாவது காரணம் இன்னும் நெருக்கமானது. சுமாராக எழுதும் மாணவர் ஒருநாள் அருமையான கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார். நமக்கு உடனே உறுத்துகிறது. "இது நீ எழுதினதா, இல்லை ஏஐ எழுதினதா?" இந்த உறுத்தல் தவறில்லை. ஒரு மாணவரின் நடை தெரிந்த ஆசிரியருக்குத்தான் அது வரும். ஆனால் உறுத்தல் வந்த கையோடு வகுப்பு முன்னால் குற்றம் சாட்டினால், முக்கால் டாலரைக் கண்டதும் முதலில் எதிர்ப்பட்டவரைக் கைதுசெய்வதற்குச் சமம். அந்தப் பிள்ளை விடுமுறையில் நிறையப் படித்திருக்கலாம். வீட்டில் பாட்டி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கலாம். அல்லது உண்மையிலேயே ஏஐயைப் பயன்படுத்தியிருக்கலாம். தனியாகக் கூப்பிட்டு, "இந்தப் பத்தியை எப்படி எழுதினே, சொல்லுப்பா" என்று கேளுங்கள். முதல் வரைவைக் காட்டச் சொல்லுங்கள். முந்தைய கட்டுரைகளோடு ஒப்பிடுங்கள். எழுதியவரால் விளக்க முடியும்.

நல்லதொரு மாற்றத்தைக் குற்றமாக எடுத்துக்கொண்டால், அந்தப் பிள்ளை மறுபடி நன்றாக எழுத முயற்சி செய்யாது. கணினியில் வீண் எச்சரிக்கை வந்தால் ஒரு மணி நேரம் வீணாகும். வகுப்பில் வீண் எச்சரிக்கை வந்தால் ஒரு மாணவரையே இழக்க நேரலாம்.

மாணவர்களுக்கு

தேர்வில் திறனாய்வு எழுதும்போது இந்த நூலின் முறையை நீங்களும் கையாளலாம். ஒரு படைப்பைப் படிக்கும்போது, அந்த எழுத்தாளரின் வழக்கமான நடை என்ன என்று முதலில் பிடியுங்கள். பிறகு எங்கே வழக்கம் மாறுகிறது என்று தேடுங்கள். எளிய சொல்லாகவே எழுதிவந்தவர் திடீரென்று கடினச் சொல் போடுகிறாரா? நீள நீளமான வாக்கியங்களுக்கு நடுவே இரண்டு சொல்லில் ஒரு வாக்கியம் வருகிறதா? அங்கே நில்லுங்கள். ஏன் என்று கேளுங்கள். விடைக்குச் சான்று தேடுங்கள். சான்று இல்லையென்றால் ஊகத்தை விட்டுவிடுங்கள். 'கருத்து – சான்று – விளக்கம்' என்று உங்கள் ஆசிரியர் சொல்லித்தருவதும் இதைத்தான்.

வகுப்பில் கலந்துபேச நான்கு கேள்விகள்:

1. 'குயில் முட்டை' என்ற தலைப்பைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றச் சொன்னால் என்ன பெயர் வைப்பீர்கள்? ஏன்?

2. கடவுச்சொல் சரியாக இருந்தும் 'ஸ்வென்டெக்' எப்படிப் பிடிபட்டார்? அடையாளத்துக்கும் நடத்தைக்கும் உள்ள வேறுபாட்டை இதை வைத்து விளக்குக.

3. ஊடுருவியைப் பிடிக்க எல்லாப் பயனர்களின் எழுத்தையும் அச்சிட்டது நியாயமா? இரு தரப்பு வாதங்களையும் எழுதுக.

4. 'வழக்கத்துக்கு மாறானது எல்லாம் தவறானது அல்ல.' இக்கூற்றை உங்கள் பள்ளி அனுபவத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் நிறுவுக.

நூல் நிலையத்தில் கிடைத்தால் எடுத்துப் படியுங்கள். நடுவில் அலுப்பு தட்டினால் சில பக்கங்களைத் தாண்டிப் போகலாம், தப்பில்லை. ஆனால் அந்த முதல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.